பட்டில் சிக்கிய ஊதல்

மெய்யம்மை ஆச்சி பட்டறைக்குள் வந்தபோது காசிவிஸ்வநாதன் ஒரு கதவின் மேல் குப்புறப் படுத்துக் கிடந்தான். பார்க்கிறவர்களுக்குத் தூங்குகிறான் என்றுதான் தோன்றும். அவனோ கதவின் விளிம்பைக் கன்னத்தால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் பழகிப்போய்ப் பொய் சொல்லும், கன்னம் சொல்லாது என்பது அவன் கட்சி.

காரைக்குடியில் கல்யாண வீடுகளுக்குக் கதவும் கட்டிலும் பெட்டகமும் செய்து கொடுக்கிற பட்டறை அது. பட்டுச் சேலைகள் உரசிக்கொண்டு போகிற சாமான்கள். அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சுவரில் ஓர் ஆணியில் அரக்கு நிறப் பட்டுத்துணி ஒன்று தொங்கும். அவன் மனைவி நாகவல்லியின் கல்யாணச் சேலையில் கிழிந்த துண்டு. எந்தச் சாமானும் வாசலைத் தாண்டுமுன் அந்தத் துணியால் துடைக்கப்படும். எங்காவது ஒரு நூல் சிக்கினால் சாமான் திரும்ப உள்ளே போகும். தேய்த்து மழுக்கி, மறுபடியும் துடைத்து, பட்டு தண்ணீர் போல வழுக்கிக்கொண்டு போன பிறகுதான் வண்டியில் ஏறும். காசியின் பட்டறைச் சாமானில் நூல் சிக்கியது என்று இதுவரை எந்த வீட்டிலும் பேச்சு வந்ததில்லை.

“ஆசாரி, எந்திரிங்க” என்றாள் ஆச்சி. “ஒரு அவசரம்.”

“வாங்க ஆச்சி” என்று கன்னத்தில் மரத்தூளோடு எழுந்தான். “செட்டியாரு எப்படி இருக்காக?”

ஆச்சி மடியிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு மர ஊதல். விரல் நீளம்தான் இருக்கும். வாய் வைத்து வைத்துக் கறுத்து, நடுவில் கீறல் விட்டு, அதன் மேல் நூல் சுற்றியிருந்தது. முத்தப்பன் செட்டியார் பினாங்கில் கடை வைத்திருந்த காலத்தில் ஒரு படகுக்காரன் செய்து கொடுத்ததாம்.

“இதுதான் இப்ப அவுகளுக்கு வாயி” என்றாள் ஆச்சி. “ஐப்பசியில பக்கவாதம் வந்ததுலேருந்து பேச்சில்லைன்னு தெரியும்ல. எங்க வீடோ இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அந்தத் தெருவுல முடியுது. அவுக வளவு அறையில படுத்திருக்காக. நான் பின்கட்டுல அடுப்படியில நின்னா, அவுக தண்ணிக்குத் தவிச்சாலும் எனக்குத் தெரியாது. இதை ஊதுனா கேக்குது.”

“கடையில விசில் விக்கிதே ஆச்சி.”

குறுக்கே பேசியது வீரையா. கீழச்சிவல்பட்டிப் பக்கத்து விவசாயி. நுகத்தடி ஒன்றைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு, அது ஆகும்வரை மரத்துண்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

“வாங்கிக் கொடுத்தேனே” என்றாள் ஆச்சி. “அவுக ஊதுவாக, நான் பஸ்ஸு கிளம்புதுன்னு பேசாம இருந்துருவேன். பக்கத்துலதானே பஸ் நிக்கிது. கடைசியில அவுக அதைத் தூக்கிச் சுவத்துல எறிஞ்சாக.”

கீறல் பெரிதாகி ஊதல் இரண்டாகப் பிளந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் ஆச்சியின் பயம். இதே மாதிரி, இதே சத்தத்தோடு இன்னொன்று வேண்டும். பழையதும் கீறல் ஒட்டி வர வேண்டும். விளக்கு வைப்பதற்குள் இரண்டும் வேண்டும்.

“பங்குனி உத்திரம்னு வேலைக்காரிக எல்லாம் குன்றக்குடிக்குப் போயிட்டாளுக. இப்ப கணக்கப்பிள்ளை சம்சாரத்தை உக்கார வச்சுட்டு வந்திருக்கேன். அதுவும் கோயிலுக்குப் போகணும்னு காலு நிக்காம நிக்கிது. நீங்க கொண்டு வர்ற வரைக்கும் நான் கட்டிலை விட்டு அங்குட்டு இங்குட்டு நகர முடியாது. இதுக்கு ஒண்ணும் ஆயிடாதே ஆசாரி?”

“என் கைக்கு வந்த சாமானுக்கா?” என்றான் காசி.

அந்த ஒரு வார்த்தையை அன்று சாயங்காலத்துக்குள் அவன் பல தடவை நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆச்சி போனதும் ஊதலை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தான். கதவு செய்பவனுக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான். துளை போட்ட ஒரு மரக்குழல். மறுமுனை மூடியிருந்தது. வாய் வைக்கும் முனையில் ஒரு மரத்தக்கை. தக்கைக்கு மேலே காற்று நுழைய மெல்லிய இடுக்கு. அதற்குச் சற்றுத் தள்ளி மேல்புறத்தில் ஒரு சின்னச் சன்னல். சன்னலின் எதிர்ப்பக்கத்து விளிம்பு சரிவாகச் செதுக்கப்பட்டு, நகத்தைக் கீறிவிடும்போல மெலிந்திருந்தது. ஊதினான். புறாவும் இல்லாமல் குயிலும் இல்லாமல், தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ கூப்பிடுவது போல ஒரு சத்தம் வந்தது.

“ஓ!” என்று எழுந்து நின்றான் வீரையா. “என்னை யாரோ கூப்பிட்டாப்புல இருக்கு.”

நீளம், துளை, இடுக்கு, சன்னல் எல்லாவற்றையும் ஒரு குச்சியில் கோடு போட்டு அளந்துகொண்டான் காசி. வெப்பாலை மரத்தில் ஒரு கழி இருந்தது. கடைந்து, துறப்பணத்தால் துளைத்து, தக்கை சீவி, சன்னல் வெட்டி, உளியால் விளிம்பைச் சரித்தான். வெயில் ஏறுவதற்குள் ஊதல் தயார். ஊதிப் பார்த்தான். அதே தண்ணீருக்கு அடியிலிருந்து வரும் குரல். பழையதை ஊதினான், புதியதை ஊதினான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எதுவென்று தெரியாது.

“இங்க கொண்டா” என்று வீரையா வாங்கி, வெற்றிலை வாயோடு இரண்டையும் மாறி மாறி ஊதினான். நாகவல்லி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள்.

“யாருங்க அது? அடுப்புல குழம்பு இருக்கையில என்னையவே கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு.”

காசிக்குப் பெருமை தாங்கவில்லை. பழையதன் கீறலை வச்சிரப் பசை வைத்து ஒட்டி, நூலை இறுக்கிக் கட்டினான். பிறகு, சோற்றுக்குப் போகுமுன் இரண்டையும் முடித்துவிடலாம் என்று உப்புத்தாளை எடுத்தான். முடிப்பதென்றால் அவனுக்கு அது ஒரு வேலையே அல்ல. சாப்பிட்டபின் கை கழுவுவது போல. கட்டைவிரல் தானாகப் போய் விளிம்புகளைத் தேடும், தேய்க்கும், திரும்பும். அப்போது மனசு வேறு எங்காவது இருக்கும். அன்று அது பினாங்கில் இருந்தது. கடல் நடுவே படகில் ஒருவன் உட்கார்ந்து, ஊர் பேர் தெரியாத ஒரு மரத்தைச் சீவிக்கொண்டிருந்தான். அவனுக்கு என்ன மொழியோ. பட்டுத்துணி வழக்கம் மட்டும் கிடையாது என்று நன்றாகத் தெரிந்தது, ஏனென்றால் சன்னல் விளிம்பை அப்படியே விட்டிருந்தான். பாதி உடம்பில் உணர்ச்சி இல்லாத மனிதர் பிடிக்கும் சாமான், கீறினால்கூட அவருக்குத் தெரியாதே என்று நினைத்தபடி காசி அந்த விளிம்பையும் இதமாக மழுக்கினான். பழையதில் கொஞ்சம் அதிகமாகவே மழுக்கினான். பட்டு வழுக்கிக்கொண்டு போனது. எண்ணெய் தொட்டுத் துடைத்து, இரண்டையும் சன்னல் மாடத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

சாப்பிட்டு வந்தபோது தெருவில் காவடி போய்க்கொண்டிருந்தது. மேளம் சுவரை அதிர வைத்தது. காசி புதிய ஊதலை எடுத்து ஊதினான். கேட்கவில்லை. மேளம்தான் காரணம் என்று சிரித்துக்கொண்டே காத்திருந்தான். காவடி திருப்பத்தில் மறைந்தது. மேளம் மங்கியது. தெரு அமைதியானது. மறுபடி ஊதினான்.

உஸ்ஸ்.

வேறொன்றும் இல்லை. சைக்கிள் டியூபிலிருந்து காற்று போவது போல, உஸ். பழையதை எடுத்தான். ஊதினான். அதுவும் உஸ்.

காசி இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இடுக்கு திறந்திருந்தது. துளை சுத்தமாக இருந்தது. அளவுக்குச்சியை வைத்துப் பார்த்தான். ஒரு மயிரிழை பிசகவில்லை. மரத்தைத் தட்டிப் பார்த்தான், காதில் வைத்துப் பார்த்தான். காது அடைத்துவிட்டதோ என்று சுண்டுவிரலை விட்டு ஆட்டினான். தூரத்தில் பஸ் கண்டக்டரின் விசில் கணீரென்று கேட்டது. காது நன்றாகத்தான் இருந்தது.

“வீரையா, நீ ஊது.”

வீரையா கன்னம் உப்ப ஊதினான். உஸ்.

“செத்துப் போச்சுப்பா” என்றான் வீரையா, இழவு வீட்டில் சொல்வது போல.

சத்தம் கேட்டு நாகவல்லி வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் கண் நேராக வீரையாவின் வாய்க்குப் போனது.

“வெத்தலை எச்சியோட ஊதுனாருல்ல, அதான். மொதல்ல இவரு வாயில வச்சாரு, இப்ப ஊமையாப் போச்சு.”

“தங்கச்சி, என் வாயில என்ன விஷமா இருக்கு? நான் ஊதுனப்பவே நல்லாத்தானே ஊதுச்சு. நீதான் கரண்டியோட வந்து கண்ணு வச்சே.”

“நானா? பினாங்குச் சாமானு, வச்சிரத்தை வச்சு ஒட்டுனா அது பொறுத்துக்குமா? என்ன மந்திரம் போட்டுக் கொடுத்தானோ அந்தப் படகுக்காரன்.”

“அப்ப புதுசுக்கு என்ன? அது படகுலயா பொறந்துச்சு?”

இருவரும் பேசப் பேச காசிக்குத் தலை சுற்றியது. வெற்றிலை எச்சில் என்றால் அப்போதே அடைத்திருக்க வேண்டும். வச்சிரம் என்றால் புதியது ஏன் ஊமையாக வேண்டும்? எண்ணெய்? துணியால் ஒற்றி எடுத்து ஊதினான். உஸ். வெயிலில் வைத்து எடுத்து ஊதினான். உஸ். ஒருவேளை மரம் இரண்டு நாழிகைக்கு மட்டும் பாடும் சாதியோ? அப்படியானால் பினாங்கு மரம் இத்தனை வருஷம் எப்படிப் பாடியது? தான் சோறு தின்ற நேரத்தில் யாரோ இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு, பார்க்க அச்சாக அப்படியே இருக்கும் வேறு இரண்டை வைத்துவிட்டுப் போனதாகக்கூட ஒரு கணம் நினைத்தான். அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டான். ஆனாலும் நூல் கட்டு தன்னுடையதுதானா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

தன்னுடையதுதான்.

வெயில் பட்டறை வாசற்படியைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. ஆச்சி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒருவேளை அடுப்பில் எதுவும் ஏற்றியிருக்க மாட்டாள். ஒரு மனிதரிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு குரல். அதை நம்பி இவன் கையில் கொடுத்தார்கள். என் கைக்கு வந்த சாமானுக்கா என்று இவன் வேறு கேட்டான்.

“நான் போய் ஆச்சி கால்ல விழுந்துர்றேன்” என்றான்.

“விழுந்தா? செட்டியாரு ஊதிருவாரா?” என்றாள் நாகவல்லி.

வீரையாவுக்கோ வேறு கவலை. ஒரு வாயில்லா மனிதரின் வாயை வெற்றிலை போட்டுக் கெடுத்தவன் என்று ஊரில் பேர் வந்துவிடும். அவன் துண்டை உதறித் தோளில் போட்டான்.

“ஏப்பா காசி, இன்னொண்ணு பண்ணு. நான் இந்தா, இங்குட்டு வாசல்ல நிக்கிறேன். கிட்டவே வரமாட்டேன். நீ ஒவ்வொரு வேலை முடிக்கையிலயும் உன் சம்சாரம் ஊதட்டும். எந்த இடத்துல ஊமையாகுதுன்னு பாப்போம். அது என் வாயா, தங்கச்சி கண்ணான்னு இன்னிக்கே தெரிஞ்சாகணும்.”

கழியில் மிச்சம் இருந்தது. காசி வேறு வழி தெரியாமல் கடைய ஆரம்பித்தான். துளைத்தான், தக்கை வைத்தான், சன்னல் வெட்டினான், விளிம்பைச் சரித்தான். நாகவல்லி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஊதினாள். கூவியது.

“கூவுது!” என்று வாசலிலிருந்து வீரையா.

உடம்பைத் தேய்த்தான். ஊதினாள். கூவியது. எண்ணெய் தொட்டான். ஊதினாள். அதற்கும் கூவியது. நாகவல்லிக்கு இப்போது ஊதுவது பிடித்துப்போய்விட்டது. கேட்காத நேரத்திலும் ஊதினாள். எதிர்வீட்டு நாய் வந்து எட்டிப் பார்த்தது.

“எல்லாம் ஆச்சே” என்றான் காசி. “ஒண்ணும் ஆகலையே. அப்ப அது ஏன்...”

பேசிக்கொண்டே அவள் கையிலிருந்து ஊதலை வாங்கினான். பேசிக்கொண்டே பட்டுத்துணியை ஆணியிலிருந்து எடுத்துத் துடைத்தான். சன்னல் விளிம்பில் ஒரு நூல் சிக்கியது. பேசிக்கொண்டே, உப்புத்தாளால் அந்த இடத்தை இரண்டு இழுப்பு இழுத்து அவளிடம் கொடுத்தான்.

அவள் ஊதினாள். உஸ்.

மூன்று பேரும் அசையவில்லை. நாயும் அசையவில்லை.

“என்னங்க பண்ணுனீக?” என்றாள் நாகவல்லி.

“ஒண்ணும் பண்ணலையே.”

“பண்ணுனே” என்றான் வீரையா வாசலிலிருந்து. “தேய்ச்சே.”

“தேய்க்கிறது ஒரு வேலையா?” என்றான் காசி.

கேட்டுவிட்டுத் தன் கட்டைவிரலைப் பார்த்தான். வேறு யாருடைய விரலோ தன் கையில் ஒட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. உளியை எடுத்து, மழுங்கிய விளிம்பை மறுபடி மெல்லச் சீவினான். பட்டில் நூல் சிக்குகிற அளவுக்குக் கூர்மையானதும் அவளிடம் நீட்டினான். அவள் ஊதினாள். தண்ணீருக்கு அடியிலிருந்து குரல் எழும்பி வந்தது.

“என் வாயி இல்லை!” என்று வீரையா துண்டைச் சுழற்றினான். “தங்கச்சி, கேட்டியா, என் வாயி இல்லை!”

காசிக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. விளிம்பு கூராக இருந்தால் ஏன் கூவ வேண்டும், மழுங்கினால் ஏன் வாயடைக்க வேண்டும்? காற்றுக்கு அங்கே என்ன வேலை? துளையில்தானே சத்தம் இருக்க வேண்டும்? இத்தனை வருஷமாக அவன் விளிம்புகளை மழுக்கி மழுக்கி, எத்தனை கதவுகளின் வாயை அடைத்திருப்பான் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்தது. அதைத் தலையை ஆட்டி உதறிவிட்டுப் பழைய ஊதலைக் கையில் எடுத்தான். அதைத்தான் அதிகம் மழுக்கியிருந்தான். சீவினான். உஸ். இன்னும் சீவினான். உஸ். சன்னல் பெரிதாகிக்கொண்டே போனது. வியர்வை மூக்கு நுனியில் நின்றது. இன்னும் ஒரு சீவல். கூவியது.

ஆனால் வேறு மாதிரி கூவியது. கொஞ்சம் மேலே ஏறி, விடிகாலைக் குருவி போல.

“அது பழைய சத்தம் இல்லையே” என்றாள் நாகவல்லி.

“தெரியுது” என்றான் காசி.

முதலில் செய்த புதிய ஊமை ஊதலை வீரையா நினைவுக்கு என்று மடியில் முடிந்துகொண்டான். காசி மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டு, வெயில் மஞ்சளாகிய நேரத்தில் செட்டியார் வீட்டுக்கு நடந்தான்.

முகப்பைத் தாண்டி நடுமுற்றமான வளவுக்குள் நுழைந்து, தூண்களுக்கு நடுவே நடந்து அறையை அடைந்தான். ஆச்சி கட்டில் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் களைத்துப்போயிருந்தது. முத்தப்பன் செட்டியார் தலையணையில் சாய்ந்தபடி காசியைப் பார்த்தார். ஒரு பக்கத்து முகம் மட்டும் யாரென்று கேட்டது.

ஆச்சி புதியதை வாங்கி, கொடுப்பதற்கு முன் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். நூல் சிக்கியது. அவள் திகைத்து நிமிர்ந்தாள்.

“ஆசாரி, நூலு புடிக்குதே. உங்க பட்டறைச் சாமானா இது?”

காசியின் காது சூடாகியது. இந்த வார்த்தையை ஒரு வீட்டில் அவன் கேட்பது இதுதான் முதல் தடவை. கை நீண்டு அதை வாங்கிக்கொள்ளப் பார்த்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“அது அப்படித்தான் இருக்கணும் ஆச்சி. ஏன்னு எனக்கும் தெரியலை. மழுக்குனா பேச மாட்டேங்குது. தெரியாம பழசையும் மழுக்கிப்புட்டேன். சரி பண்ணிட்டேன், ஆனா சத்தம் கொஞ்சம் மாறிப்போச்சு. என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க.”

ஆச்சி இரண்டையும் செட்டியாரின் இடது கைப்பக்கம் வைத்தாள். “நான் பின்கட்டுக்குப் போறேன்” என்றாள் அவரிடம். “ஊதுங்க. கேக்குதா பாப்போம்.”

அவள் காலடி வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டித் தேய்ந்து போனது. வீடு நீளமாக, மௌனமாக இருந்தது. செட்டியார் பழகிய கையால் பழைய ஊதலை எடுத்து, வாயின் இடது ஓரத்தில் வைத்து ஊதினார். குருவிச் சத்தம் வளவு முழுக்கப் பறந்தது.

யாரும் வரவில்லை.

மறுபடி ஊதினார். பின்கட்டில் ஒரு பாத்திரம் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. ஆச்சி அதை ஏதோ பறவை என்று எண்ணியிருக்க வேண்டும். செட்டியார் ஊதலை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தார். காசியைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்பதற்குப் பதிலாக இந்த வீட்டுக்கு வெளியே உள்ள எந்தத் தெருவிலாவது நிற்கலாம் என்று காசிக்கு இருந்தது.

“மத்ததைப் பாருங்க அப்பச்சி” என்றான் மெல்ல.

செட்டியார் புதியதை எடுத்தார். கட்டைவிரலை அதன் சன்னல் விளிம்பில் வைத்துத் தடவினார். விரல் கூரான இடத்தில் நின்றது. வாயில் வைத்து ஊதினார்.

பின்கட்டில் பாத்திரம் ஒன்று தடாலென்று விழுந்தது. ஓட்டமும் நடையுமாகக் காலடி நெருங்கி வந்தது. “இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்” என்று ஆச்சியின் குரல் கட்டு கட்டாகக் கடந்து வந்தது. வாசலில் மூச்சு வாங்க நின்று, “பழசை ஊதுனீகளா?” என்றாள்.

செட்டியார் புதியதைத் தூக்கிக் காட்டினார். ஆச்சிக்குப் புரியவில்லை. புதியதில் பழைய குரல். பழையதில் யாருக்கும் தெரியாத குரல். அவள் காசியைப் பார்த்தாள். காசி தரையைப் பார்த்தான். செட்டியாரின் நெஞ்சு குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று தெரிய இருவருக்கும் சற்று நேரம் பிடித்தது.

சிரிப்பு அடங்கியதும் அவர் பழையதை எடுத்து ஒரு தடவை ஊதிவிட்டு, இடது கையால் காசியைச் சுட்டினார்.

“என்னங்க?” என்றான் காசி.

“இனிமே அது உங்களைக் கூப்பிடுறதுக்காம்” என்றாள் ஆச்சி. அவளும் இப்போது சிரித்தாள். “அடுப்புல ஒண்ணுமே வைக்கலை ஆசாரி. இருங்க, காப்பியாவது போட்டுக் கொண்டாறேன்.” சொல்லிவிட்டு, அன்று முதல் தடவையாகப் பயமில்லாமல் பின்கட்டுக்குப் போனாள்.

காப்பி குடித்துவிட்டு காசி வெளியே வந்தபோது தெருவில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குன்றக்குடியிலிருந்து திரும்புகிறவர்கள் நெற்றி நிறைய விபூதியோடு கூட்டமாக வந்தார்கள். ஒரு காலில் செருப்பை மாட்டி மற்றதைத் தேடிக்கொண்டிருந்தபோது, உள்ளே எங்கோ ஆழத்தில் ஊதல் ஒன்று கேட்டது. பஸ் உறுமலும் மேளமும் கலந்து, அது கீழ்க்குரலா மேல்குரலா என்று பிடிபடவில்லை. கூப்பிட்டது ஆச்சியையா, தன்னையா?

ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்று, காசிவிஸ்வநாதன் மறுபடி கேட்பதற்காகக் காத்திருந்தான்.